ஒற்றைக் கல்லில் செதுக்கிய பாப் விட்லர்

– இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



ஆண்டு மலர் என்றாலே எடிசன், மார்க்கோனி, சர் சி.வி. ராமன் என்று எழுதுவதுதான் வழக்கம். அவர்கள் எல்லாம் மேதைகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம்ம பிரிவு மாணவர்கள் தினமும் லேபில் கையில் எடுத்து, காலை நிமிர்த்தி, பிரெட்போர்டில் குத்துகிறோமே ஒரு எட்டுக்கால் பூச்சி, அந்த ஆப்-ஆம்ப் ஐ.சி.யை இந்த வடிவத்துக்குக் கொண்டு வந்தவர் யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் விழிப்போம். அவர் பெயர் பாப் விட்லர். முழுப்பெயர் ராபர்ட் ஜான் விட்லர்.

அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பலர் லீவு நாளில் ரிப்பேர் கடைகளுக்கு வேலைக்குப் போகிறோம். செங்கல்பட்டு சுற்றுவட்டாரத்தில் மைக்செட் கடைகளுக்குக் குறைவில்லை. இருபது முப்பது வருடம் ஓடிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று வரும். ஐ.சி. போயிருக்கும். அதே நம்பர் கிடைக்காது. எதைப் போடுவது? கடையில் கொடுத்ததைப் போடுவதா? இருப்பதிலேயே வேகமானதைப் போடுவதா? ஆடி மாதக் கூழ் திருவிழாவில் நடுராத்திரி அந்த செட் நின்று போனால், மைக்செட்காரருக்கு அன்றைய வாடகையும் போச்சு, அடுத்த வருட அட்வான்சும் போச்சு. ஆகவே இது சின்ன கேள்வி இல்லை. இதற்குப் பதில் விட்லரின் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது.

ரேடியோக்காரர் வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், கிளீவ்லண்ட் நகரில் 1937 நவம்பர் 30-ஆம் தேதி விட்லர் பிறந்தார். அப்பா வால்டர் விட்லர் உள்ளூர் வானொலி நிலையத்தில் வேலை பார்த்தவர். ரேடியோ தொழிலைத் தானாகவே கற்றுக்கொண்டவர். அதனால் விட்லருக்குச் சின்ன வயதிலேயே சால்டரிங் அயர்ன் பழகிவிட்டது.

1958-இல் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே வீரர்களுக்கு மின்னணுக் கருவிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும் வேலை. அந்தப் பாடத்துக்காகவே 1960-இல் செமிகண்டக்டர் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அப்போது வயது 22! 1961-இல் படையை விட்டு வந்து, கொலராடோவில் விண்வெளி ஆய்வுக்குக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பகலில் வேலை, கூடவே கொலராடோ பல்கலைக்கழகத்தில் படிப்பு. 1963-இல் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நமக்குப் புதிதல்ல. இங்கும் எத்தனையோ பேர் அப்படித்தான் படிக்கிறோம்.

அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவில் இருந்த ஃபேர்சைல்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். இண்டர்வியூவிலேயே, நீங்கள் செய்கிற அனலாக் சர்க்யூட் எல்லாம் குப்பை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். ஆனாலும் வேலை கொடுத்தார்கள். நாம் யாரும் கேம்பஸ் இண்டர்வியூவில் இதை முயற்சி செய்ய வேண்டாம்!

ஒற்றைக் கல் ரகசியம்

அவர் குப்பை என்று சொன்னது ஏன்? இதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. மாமல்லபுரம் போனால் போதும்.

அங்கே கடற்கரைக் கோயில் இருக்கிறது. கற்களை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. கொஞ்சம் தள்ளி ஐந்து ரதங்கள் இருக்கின்றன. இருக்கிற பாறையையே மேலிருந்து செதுக்கி எடுத்தவை. இரண்டும் பல்லவர் வேலைதான், ஆனால் வேலை செய்யும் முறை முற்றிலும் வேறு. அடுக்கிக் கட்டுகிறவன் ஒரு கல் சரியில்லை என்றால் வேறு கல்லை வைக்கலாம். ஒற்றைக் கல்லில் செதுக்குகிறவன் அந்தப் பாறையின் குணத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பத்தான் உளி பிடிக்க வேண்டும்.

ஆப்-ஆம்ப் என்பது விட்லர் கண்டுபிடித்தது இல்லை. 1950-களிலேயே பில்பிரிக் கம்பெனி இரண்டு வால்வுகளை வைத்து ஆப்-ஆம்ப் செய்து விற்றது. கணக்குப் போடும் அனலாக் கம்ப்யூட்டரில் கூட்டல், தொகையீடு போன்ற செயல்களைச் செய்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. அதற்குப் பிறகு தனித்தனி டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் எல்லாம் வைத்து அடுக்கிக் கட்டினார்கள். அதையே அப்படியே சின்னதாக்கி சிலிக்கானில் போடப் பார்த்தார்கள். அதைத்தான் விட்லர் குப்பை என்றார்.

சிலிக்கான் சில்லு ஒற்றைக் கல். நம் புத்தகத்தில் மோனோலித்திக் ஐ.சி. என்று வருகிறதே, அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே ஒற்றைக்கல் என்றுதான் பொருள். இந்தக் கல்லின் குணம் என்ன? பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் செய்ய இடம் நிறைய வேண்டும், செலவும் அதிகம். ஆனால் டிரான்சிஸ்டர் மலிவு. அதிலும் பக்கத்துப் பக்கத்தில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப் போகும், ஒரே சூட்டில் இருக்கும். ஆகவே ரெசிஸ்டரைக் குறை, ஒத்துப்போகும் டிரான்சிஸ்டரை வைத்து வேலை வாங்கு. இதுதான் விட்லர் வழி.

இதற்கு அழகான உதாரணம் அவர் பெயரிலேயே இருக்கும் விட்லர் கரண்ட் சோர்ஸ். 30 வோல்ட் சப்ளையிலிருந்து 10 மைக்ரோ ஆம்பியர் வேண்டும் என்றால், நேராக ரெசிஸ்டர் போட்டால் சுமார் 30 லட்சம் ஓம் வேண்டும். சில்லில் அது நடக்காத காரியம். விட்லர் இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்த்தார். ஒன்றில் 1 மில்லி ஆம்பியர் ஓடவிட்டு, மற்றதன் எமிட்டரில் மட்டும் 12 ஆயிரம் ஓம் போட்டால் போதும், அதே 10 மைக்ரோ ஆம்பியர் கிடைத்துவிடும். 30 லட்சம் எங்கே, 12 ஆயிரம் எங்கே!

702-இலிருந்து 709

ஃபேர்சைல்டில் டேவ் டால்பர்ட் என்ற நண்பர் கிடைத்தார். விட்லர் சர்க்யூட் போடுவார், டால்பர்ட் அதைச் சிலிக்கானில் வார்த்து எடுப்பார். இருவரும் சேர்ந்து 1964-இல் மியூ-ஏ 702 கொண்டு வந்தார்கள். அதற்கு +12, –6 வோல்ட் என்று ஒழுங்கில்லாத சப்ளை வேண்டும். கெயினும் குறைவு. அடுத்த ஆண்டே, 1965-இல், மியூ-ஏ 709 வந்தது. +15, –15 வோல்ட் சப்ளை, கெயின் சுமார் 45,000. உலகமே வாங்க ஆரம்பித்தது.

ஆனால் 709-க்கும் குறை உண்டு. அவுட்புட்டை ஷார்ட் செய்தால் செத்துப் போகும். இன்புட் அளவு மீறினால் அவுட்புட் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வராது. ஆசிலேஷன் வராமல் இருக்க வெளியே இரண்டு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் போட வேண்டும்.

இங்கே ரிப்பேர் வேலைக்கு ஒரு குறிப்பு. மிகப் பழைய செட் ஒன்றில் 709 இருந்தால், அதை எடுத்துவிட்டு 741 போடலாம் என்று பலர் சொல்வார்கள். போடலாம்தான். ஆனால் எட்டுக்கால் 709-இல் 1-க்கும் 8-க்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் வரிசையும், 5-க்கும் 6-க்கும் நடுவே இன்னொரு கெப்பாசிட்டரும் இருக்கும். 741-இல் 1-ஆம், 5-ஆம் கால்கள் ஆஃப்செட் சரிசெய்யும் கால்கள். பழைய பாகங்களைக் கழற்றாமல் ஐ.சி.யை மட்டும் மாற்றினால் சர்க்யூட் ஏடாகூடம் பண்ணும். எட்டுக் கால் இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது!

101-உம் 741-உம்

709 ஓகோவென்று விற்றும், தன் உழைப்புக்குத் தக்க பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை விட்லருக்கு இருந்தது. 1965 கடைசியில் டால்பர்ட்டோடு சேர்ந்து ஃபேர்சைல்டை விட்டு வெளியேறினார். போய்ச் சேர்ந்த இடம் மோலெக்ட்ரோ என்ற சின்ன கம்பெனி. அதை நேஷனல் செமிகண்டக்டர் வாங்கிக்கொண்டது. அங்கே 1967-இல் எல்.எம்.101 வந்தது. 709-இல் தான் விட்ட ஒவ்வொரு குறையையும் அவரே அதில் திருத்தினார். ஷார்ட் செய்தாலும் சாகாது. ஒட்டிக்கொள்ளாது. வெளியே ஒரே ஒரு 30 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் போதும். கெயின் 1,60,000. நம் கடைகளில் கிடைக்கும் எல்.எம்.301 இதே குடும்பம்தான்.

தன் பழைய கம்பெனிக்குத் தானே போட்டியாக நின்றார் விட்லர். ஃபேர்சைல்ட் சும்மா இருக்குமா? அங்கே இருந்த டேவ் ஃபுல்லாகர் 1968-இல் அந்த 30 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் சில்லுக்குள்ளேயே வைத்து மியூ-ஏ 741 கொண்டு வந்தார். வெளியே ஒன்றும் போட வேண்டாம், யார் போட்டாலும் ஓடும். அதனால்தான் இன்றுவரை நம் லேப் மேனுவலில் 741 இருக்கிறது.

அப்படியானால் விட்லர் தோற்றாரா? இங்கேதான் நம் பாடம் இருக்கிறது. 741-இன் உள்ளே முதல் கட்டத்திலிருந்து சுமார் 15 மைக்ரோ ஆம்பியர்தான் அந்த 30 பிகோ ஃபாரட்டை நிரப்ப வருகிறது. 15-ஐ 30-ஆல் வகுத்தால் 0.5. அதுதான் அதன் ஸ்லூ ரேட்: மைக்ரோ செகண்டுக்கு அரை வோல்ட். 10 வோல்ட் உச்சம் உள்ள சைன் அலையைச் சுமார் 8 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் அது ஒழுங்காகக் கொடுக்கும். அதற்கு மேல் அலை முக்கோணமாகிவிடும். 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் 1.26 வேண்டும்.

விட்லர் கெப்பாசிட்டரை வெளியே விட்டதால், கெயின் 10 உள்ள சர்க்யூட்டில் 30-க்குப் பதில் 3 பிகோ ஃபாரட் போட்டு ஏறக்குறைய பத்து மடங்கு வேகம் வாங்கலாம். இப்போது அப்படி அமைத்த ஒரு பழைய ப்ரீ-ஆம்ப்பில் 301 போய்விட்டது என்று வையுங்கள். 741 போட்டால் செட் ஓடும். சத்தம் வரும். வாடிக்கையாளரும் காசு கொடுத்துவிடுவார். ஆனால் சத்தத்தைக் கூட்டும்போது ஜால்ராவும் ஹைஹேட்டும் மழுங்கும். பாட்டில் ஏதோ குறைகிறது என்று தோன்றும், என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

சுத்தியலும் செம்மறியாடும்

விட்லர் குணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. அவர் அறையில் யாராவது உரத்துப் பேசினால் காதைக் குடையும் விசில் எழுப்பும் ஒரு கருவி வைத்திருந்தார். பேச்சைக் குறைத்தால் விசில் நிற்கும். 1970-இல் கம்பெனி சிக்கனம் என்று புல்தரையை வெட்டாமல் விட்டபோது, தன் காரில் ஒரு செம்மறியாட்டை ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் மேயவிட்டார். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள்!

ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய சுத்தியல்தான். சோதனையில் ஒரு பாகம் கெட்டது என்று தெரிந்தால் அதைத் திரும்ப டப்பாவில் போட மாட்டார். கல்மேல் வைத்து, சம்மட்டியால் தூள் தூளாக அடிப்பார். அதற்கு விட்லரைஸ் பண்ணுவது என்றே பெயர் வந்துவிட்டது. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரிப்பேர் கடை டப்பாவில் கிடக்கும் ஐ.சி.களில் எத்தனை, சந்தேகத்தில் கழற்றித் திரும்பப் போட்டவை? ஒரு கெட்ட ஐ.சி. அடுத்த செட்டுக்குள் போய் அரை நாள் வேலையைக் கெடுக்கும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கத்தான் அந்தச் சுத்தியல்.

இன்னொரு நல்ல பழக்கமும் அவரிடம் இருந்தது. தன் ஐ.சி.யை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கக் குறிப்புகளைத் தானே உட்கார்ந்து எழுதுவார். எங்கே அது தவறும் என்பதையும் மறைக்க மாட்டார். அவருக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுக்க ரேடியோ தெரிந்த அப்பா இருந்தார். என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு அந்த இடத்தில் இருப்பது டேட்டா ஷீட்தான். இங்கிலீஷில் இருக்கிறதே என்று முதல் பக்கத்தோடு மூடிவிடக் கூடாது.

பணம், ஓய்வு, முடிவு

நேஷனலில் அவர் கொடுத்தவை இன்னும் பல. எல்.எம்.109 என்ற மூன்று கால் 5 வோல்ட் ரெகுலேட்டர், நம் 7805-க்கு முன்னோடி. சூடு மாறினாலும் வோல்டேஜ் மாறாத பேண்ட்கேப் ரெஃபரன்ஸும் அவர் தந்ததே. 1970 டிசம்பரில் தன் பங்குகளை விற்று, சுமார் பத்து லட்சம் டாலரோடு மெக்சிகோவின் கடலோர ஊரான புவெர்ட்டோ வல்லார்ட்டாவில் குடியேறினார். வயது 33.

சும்மா இருக்க முடியவில்லை. 1974-இல் நேஷனலுக்கு ஆலோசகராகத் திரும்பினார். ஒரே டார்ச் செல்லின் வோல்டேஜில் ஓடக்கூடிய எல்.எம்.10, ஸ்பீக்கரையே நேராக ஓட்டும் 80 வாட் எல்.எம்.12 எல்லாம் அப்போதும் பிறகும் வந்தவை. 1981-இல் லீனியர் டெக்னாலஜி கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அங்கும் தகராறு. 1984-இல் வெளியேறினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் பெரிய குடிகாரர். கூட வேலை செய்தவர்களோடு சண்டை, கோபம். இவ்வளவு திறமையையும் வைத்துக்கொண்டு எங்கேயும் நிலைத்து நிற்க முடியவில்லை. 1991 பிப்ரவரி 27-ஆம் தேதி புவெர்ட்டோ வல்லார்ட்டாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 53 மட்டுமே. 2009-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

நம் மேஜைமேல்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு ஐ.சி.யும் ஏதோ ஒரு குறைக்கு மருந்தாக வந்தது என்று விட்லர் கதை காட்டுகிறது. மருந்தை மாற்றும்போது நோய் என்ன என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் அசெம்பிள் செட்டில் பேஸ்-டிரெபிள் போர்டு என்றால் பெரும்பாலும் 4558-தான். அதற்கு மாற்றாகப் பலரும் சொல்வது டி.எல்.072, என்.இ.5532. மூன்றுக்கும் கால் வரிசை ஒன்றே. ஆனால் குணம் வேறு.

மைக் வருகிற முதல் கட்டத்தில் 5532 நல்லது. அதன் இரைச்சல் ரூட் ஹெர்ட்சுக்கு 5 நானோ வோல்ட், 072-க்கு 18. ஆனால் 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால், நடுவில் கெப்பாசிட்டர் இல்லாமல் 5532 போட்டால், அதன் இன்புட் கரண்ட் 200 நானோ ஆம்பியர் அளவுக்கு ஓடி 20 மில்லி வோல்ட் வரை டி.சி. நிற்கும். திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். அங்கே ஜே-ஃபெட் இன்புட் உள்ள 072-தான் சரி.

கரண்ட்டையும் பாருங்கள். ஒரு 5532 சுமார் 8 மில்லி ஆம்பியர் எடுக்கும். 4558, 072 எல்லாம் 3 மில்லி ஆம்பியர் அளவுதான். ஐந்து ஐ.சி. மாற்றினால் 15 மில்லி ஆம்பியர் இருந்த இடத்தில் 40. ஜீனர் டயோடும் ஒரு ரெசிஸ்டரும் வைத்த பழைய சப்ளையில் வோல்டேஜ் இறங்கிவிடும், ஹம்மிங் வரும்.

வேகமான ஐ.சி.யை நீள ஒயர் உள்ள பழைய போர்டில் போட்டால் காதுக்குக் கேட்காத ஆசிலேஷன் வரலாம். ஐ.சி. தொட்டால் சுடும். சப்ளை கால்களுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். மாற்றிய பிறகு ஆசிலோஸ்கோப்பில் ஒருமுறை பாருங்கள். கடையில் ஸ்கோப் இல்லையென்றால் நம் லேபில் சாரிடம் கேட்டால் விடுவார்கள்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து வரும் செட்டில் ஐ.சி.யைக் குறை சொல்லும் முன் கால்களைப் பாருங்கள். உப்புக்காற்றில் கறுத்து, ஐ.சி. பேஸ் பிடி விட்டிருக்கும். பேஸை மாற்றினாலே பாதி செட் பிழைத்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். நம்பரை அழித்து வேறு நம்பர் அடித்த சரக்கும் சந்தையில் உண்டு. 5532 என்று எழுதியிருக்கும் ஐ.சி. 3 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தால் சந்தேகப்படுங்கள். ஒரு மீட்டர் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாம் பார்த்த பிறகு, பழைய 4558 நன்றாகவே ஓடுகிறது என்றால் அதை அப்படியே விடுங்கள். மாற்றாமல் விடுவதும் ஒரு வேலைதான்.

நண்பர்களே, விட்லரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாட்டிலை அவரிடமே விட்டுவிடுவோம். கோபத்தையும் விட்டுவிடுவோம். கல்லின் குணம் தெரிந்து உளி பிடிப்பது, தன் குறையைத் தானே திருத்துவது, கெட்டதை டப்பாவில் திரும்பப் போடாதது, இந்த மூன்றையும் எடுத்துக்கொள்வோம். நாம் ஈயம் வைத்த செட் ஒவ்வொரு ஆடியிலும் விடிய விடியப் பாடட்டும்!

வாழ்க தொழிற்கல்வி! வளர்க மாணவர் ஒற்றுமை!